மூன்று தடவை பார்த்தாளாம்

எனக்கு எழுபத்தொன்று நடக்கிறது. பெற்றது ஆறு, வளர்த்து ஆளாக்கியது நாலு. நாலில் மூன்று பேரைப் பற்றிப் போன வாரங்களில் இந்தப் பத்திரிகையில் எழுதிவிட்டேன். மூத்தவளைப் பற்றி மட்டும் எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். கிணறு வெட்டியதை எழுதினேன், புயலில் கூரை போனதை எழுதினேன், மாடு கன்று போட்டதைக்கூட எழுதினேன். இனி தள்ள இடமில்லை.

அவள் கல்யாண வயதில் நின்ற வருஷம். ஆடி மாதக் கடைசி. அம்மனுக்குக் கூழ் ஊற்றி முடித்த வாரம். கோயில் வாசலில் வேப்பிலைத் தோரணம் காய்ந்து சுருண்டு தொங்கியது. வெயில் இன்னும் இறங்கவில்லை. ஆம்பிளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அரிசி மிஷின்காரர். அவரை ஊரே நைனா என்று கூப்பிடும். மிஷின் மோட்டார் மேலே தகட்டில் இங்கிலீஷில் எழுதியிருப்பதை அவர் ஒருவர்தான் படிப்பார். அதனால் ஊருக்குள் இங்கிலீஷ் காகிதம் எது வந்தாலும் அவர் கைக்குப் போகும்.

அன்றைக்கு அவர் கையில் இருந்தது என் மூத்த மகள் சகுந்தலா எழுதிய காகிதம். நாலாய் மடித்து, வியர்வையில் ஊறி, செம்மண் ஒட்டியிருந்தது. வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"இன்னா நைனா எழுதிக்கீது?" என்றார் நாட்டாமை.

"அவன பாக்கறேன்னு கீது."

"அடுத்த வரி?"

"அதுவும் அவன பாக்கறேன்னுதான்."

"மூணாவது?"

நைனா கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து மறுபடி மாட்டினார். "மூணாவதும் அவன பாக்கறேன்தான்யா."

"அடிப்பாவி! எத்தினி தபாடி பாத்த?" என்று கிணற்றுப் பக்கம் நின்ற பொம்பளைகளில் ஒருத்தி சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் அங்கேதான் நின்றிருந்தேன். எனக்குப் பக்கத்தில் சகுந்தலா.

பால் தூக்கு

இந்த இடத்தில் நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

என் வீட்டுக்காரர் இறந்தபோது எனக்கு முப்பத்திரண்டோ மூன்றோ. இரண்டு காணி நிலம், ஒரு எருமை, ஒரு பசு, நாலு பிள்ளைகள். நாங்கள் பயிர் வைக்கிற குடும்பம். எங்கள் வீட்டுக்கு ஆள் வைத்துத்தான் களை எடுத்தோமே தவிர, எங்கள் வீட்டுப் பெண்கள் இன்னொருத்தர் வாசலில் துடைப்பம் பிடித்ததில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போதும் பாருங்கள், எழுதும்போதே கை நிமிர்ந்துகொள்கிறது.

சகுந்தலா படிப்பில் கெட்டி. எஸ்.எஸ்.எல்.சி.யில் எல்லாம் தேறி இங்கிலீஷில் மட்டும் கோட்டு அடித்துவிட்டாள். அந்த ஒரு பேப்பரைத் தேறினால் செங்கல்பட்டில் நர்ஸ் படிப்புக்கு மனு போடலாம். அவளுக்கு அந்த வெள்ளை உடுப்பு மேல் அப்படி ஓர் ஆசை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த பதினொரு நாளும் நர்ஸ்மார் பின்னாலேயே நடந்தவள் அவள்.

உத்திரமேரூரில் சைக்கிள் கடைக்கு மேலே, மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டு ஒரு டுடோரியல் நடந்தது. ஐந்து பெஞ்சு. ஒரு கரும்பலகை. கோட்டு அடித்தவர்களெல்லாம் அங்கேதான் வருவார்கள். நான் போய் நின்றபோது இங்கிலீஷ் வாத்தியார், "பெருக்க, தண்ணி எடுத்து வெக்க ஒரு ஆள் வேணும்மா. நீங்க வந்தா பொண்ணு சும்மாவே படிக்கட்டும்" என்றார்.

ஒத்துக்கொண்டேன். ஊருக்குச் சொல்லவில்லை.

காலையில் பால் தூக்கோடு முதல் பஸ் ஏறுவேன். பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் பால் ஊற்றுவது நிஜம். ஊர்க்காரர்களுக்கு அந்த நிஜம் போதுமாக இருந்தது. பால் ஊற்றிவிட்டு மாடி ஏறி, மூலையில் சுருட்டி வைத்திருந்த பழம்புடவைக்கு மாறிக்கொள்வேன். சாக்பீஸ் தூள் கட்டிய புடவையில் ஒட்டினால் ஊரில் கேட்பார்களே.

சகுந்தலாவிடமும் சொல்லி வைத்தேன். "அங்க என்ன அம்மான்னு கூப்புடாத."

பெஞ்சு வரிசைக்குக் கீழே நான் பெருக்கிக்கொண்டு வரும்போது மற்றப் பெண்களிடம் சொல்வது போல அவளிடமும் சொல்வேன்: "காலத் தூக்கு பாப்பா." தூக்குவாள். புத்தகத்திலிருந்து தலையை எடுக்க மாட்டாள்.

எருமையும் இங்கிலீஷும்

வாத்தியார் பாடம் நடத்துகிற விதம் வேறு மாதிரி. ஒரே மாதிரி தெரிகிற இங்கிலீஷ் வினைச்சொற்களை இரண்டும் மூன்றுமாகப் பிடித்து நிறுத்தி, இது இங்கே, அது அங்கே என்று பிரிப்பார். பரீட்சையில் பிள்ளைகள் அங்கேதான் விழுகிறார்கள் என்பார்.

ஸீ, லுக், வாட்ச். மூன்றும் பார்ப்பதுதான். ஆனால் மூன்றும் ஒன்றில்லை.

"எரும ரோட்ல போவுது. சொம்மா நிக்கற, கண்ணுல படுது. அது ஸீ. எரும நம்ம கொல்லப் பக்கம் திரும்புது, நீயும் திரும்பிப் பாக்கற. அது லுக். எறங்கிட்டுது, பயிர்ல வாய் வெக்குதான்னு கண்ண எடுக்காம நிக்கற பாரு, அதான் வாட்ச்."

பிள்ளைகள் சிரித்தார்கள். நான் பானையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் குடத்தைச் சாய்த்தபடியே நின்றுவிட்டேன். பானை வழிந்து என் கால் நனைந்த பிறகுதான் தெரிந்தது.

அதே நாள் அடுத்து வெயிட், எக்ஸ்பெக்ட். பஸ் ஸ்டாண்டில் காலைக் கடுக்க வைத்துக்கொண்டு நிற்பது வெயிட். இன்றைக்கு மாமா வருவார் என்று வீட்டில் உலையில் ஒரு பிடி அரிசி கூடப் போடுவது எக்ஸ்பெக்ட். லைக், லவ். அதற்கு அவர் கத்தரிக்காயையும் பெற்ற தாயையும் சொன்னார்.

கரும்பலகையில் எழுதும்போது எல்லா வாக்கியத்திலும் 'ஹிம்' என்றே போடுவார். ஐ ஸீ ஹிம், ஐ லுக் அட் ஹிம், ஐ வாட்ச் ஹிம். "ஆளை மாத்தாம வெனைய மட்டும் மாத்துனாதான் வித்தியாசம் வெளங்கும்" என்பது அவர் கணக்கு. அந்தக் 'ஹிம்' யாருமில்லை. சட்டை மாட்டுகிற ஆணி மாதிரி.

எனக்கும் ஒரு நாள் வாய் சும்மா இருக்கவில்லை. பிள்ளைகள் இறங்கிப் போன பிறகு கேட்டேன். "சார், நாங்க கீரைய கிள்ளுவோம், பூவ பறிப்போம், கடலைய புடுங்குவோம், அப்புறம் குந்தி ஆய்வோம். இங்கிலீஷ்காரன் இதுக்கெல்லாம் இன்னா சொல்லுவான்?"

வாத்தியார் கொஞ்சம் யோசித்தார். "பாதிக்கு மேல 'பிளக்'தாம்மா."

"அவ்ளோதானா? கீரைய கிள்றதும் கடலைய ஆயறதும் ஒண்ணுன்னா அவன் வயக்காட்டுல எறங்கனதே இல்லபோல கீது சார்."

அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "கன்னியம்மா, நீங்க நாளையிலேர்ந்து கடைசி பெஞ்சுல குந்துங்க" என்றார். எனக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு நிறைந்தது. பிறகு, பெருக்க வந்தவளுக்குப் பெஞ்சு எதற்கு என்று நானே சொல்லிவிட்டுப் பழம்புடவையைச் சுருட்டி வைத்தேன். கொடுக்கிறபோது வாங்கிக்கொள்ளத் தெரியாத பிறவி நான்.

கடலைக் கொல்லை

என் அண்ணன் ஏகாம்பரம் காவாந்தண்டலத்தில் இருந்தார். அந்த வருஷம் அவர் கொல்லையில் கடலை நல்ல காய்ப்பு. ஆள் கிடைக்கவில்லை என்று எங்களையும் கூப்பிட்டார். நானும் சகுந்தலாவும் போனோம்.

அவளுக்கு ஒரு பழக்கம். அன்றைய பாடத்தை ஒரு காகிதத்தில் எழுதி மடித்து இடுப்பில் செருகிக்கொள்வாள். வேலைக்கு நடுவே எடுத்து ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி செருகுவாள். உதடு மட்டும் அசையும். அண்ணி அதைப் பார்த்துவிட்டு, "இன்னாடி, கொல்லையில மந்திரம் சொல்லிக்கினு கீற?" என்று கேட்டிருக்கிறாள்.

பொழுது சாயும்போது குந்தி ஆய்ந்த இடத்தில் அந்தக் காகிதம் விழுந்துவிட்டது. அண்ணி எடுத்தாள். அண்ணனிடம் கொடுத்தாள். அண்ணனுக்கு எழுத்து தெரியாது. ஆனால் கல்யாண வயதுப் பெண் இடுப்பில் காகிதம் வைத்திருந்தாள் என்பது தெரியும்.

அவர் அதை என்னிடம் கொண்டுவந்து கேட்டிருக்கலாம். நேரே எங்கள் ஊருக்கு வந்து நாட்டாமையிடம் கொடுத்தார். அதற்கும் காரணம் உண்டு. சகுந்தலாவைத் தன் மகன் தண்டபாணிக்கு என்று அவள் தொட்டிலில் கிடந்தபோதே சொல்லி வைத்தவர். முறை. மறுக்க முடியாது. ஆனால் நர்ஸாகிவிட்டால்? "ஊசி போடப் போனவ என் வூட்டு எருமைக்குப் புல்லு அறுப்பாளா?" என்று அண்ணி இரண்டு பேரிடம் சொன்னது பிற்பாடு என் காதுக்கு வந்தது.

சாட்சி

இப்போது மறுபடியும் கோயில் வாசல்.

எங்கள் ஊர்க் கூட்டத்தில் பொம்பளை நேராகப் பேசக் கூடாது. அவள் வீட்டு ஆம்பிளை பேசுவார். ஆம்பிளை இல்லாதவளுக்கு அண்ணன் தம்பி. அவள் அவரிடம் மெல்லச் சொல்ல வேண்டும், அவர் சபைக்கு உரக்கச் சொல்வார். எனக்கு யார் பேச வேண்டும்? என் அண்ணன். குற்றம் கொண்டுவந்தவரே என் வாயும்.

நைனா மிச்ச வரிகளுக்கு வந்தார். "அவனுக்காவ காத்துக்கினு கீறேன். அடுத்ததும் காத்துக்கினுதான் கீறா. அப்பால அவன புடிச்சிக்கீதுன்றா."

"லவ்வு கீதா?"

"கீது. கடசில கீது."

அந்த ஒரு சொல் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கூட்டம் ஒரு தினுசாக மூச்சு விட்டது.

"யாரு அந்த ஆளு?"

"ஹிம்முன்னு போட்டுக்கீது. ஹிம்முன்னா அவன்."

"அவன்னா எவன் நைனா?"

"அத்த எழுதலயே."

"எழுதாம வுட்டுக்கீறா பாரு, அதான் கள்ளத்தனம்."

சகுந்தலா தலை குனிந்தபடி அண்ணனைப் பார்த்து மெல்லச் சொன்னாள்: "அது பாடம் மாமா."

அண்ணன் உரக்கச் சொன்னார். "பாடம்ன்றா."

"பாடத்துல எவனாவது லவ் பண்றேன்னு எழுதுவானா?" என்றார் ஒருவர். "நானும் அஞ்சாங்கிளாஸ் வரிக்கும் படிச்சிக்கீறேன். அணிலு கீது, ஆடு கீது, எல கீது. இந்த மாதிரி ஒண்ணும் இல்ல."

"வாத்தியார இட்டாந்து கேட்டா?" என்றார் நைனா. அவர் நியாயமான மனிதர்தான்.

"இன்னா நைனா, அந்த வாத்தியாரே 'அவன்'னா இருந்தா?"

அதோடு அந்த வழியும் அடைத்துவிட்டது. நாட்டாமை தொண்டையைச் செருமினார். "பொண்ணு பாடம்னு சொல்லுது. சரி. வாத்தியார வுட்டுடு. அந்தக் கொட்டாயில பாடம் நடந்தப்போ கூட இருந்த பெரியவங்க யாருனா கீறாங்களா? நம்ம ஊர் ஆளு, நம்பற மாதிரி ஒருத்தர் வந்து, ஆமா இது பாடம்தான், நான் கேட்டேன்னு சொல்லட்டும். காகிதத்தக் கிழிச்சிப் போட்டுட்டுக் கஞ்சி குடிக்கப் போவலாம்."

நான் இருந்தேன். கையில் துடைப்பத்தோடு இருந்தேன். அந்த ஏழு வரியையும் வாத்தியார் எழுதியபோதும் கேட்டேன், பிள்ளைகள் திருப்பிச் சொன்னபோதும் கேட்டேன், சாயங்காலம் அதே ஏழு வரியை ஈரத்துணியால் கரும்பலகையிலிருந்து துடைத்ததும் நான்தான். அந்தக் கூட்டத்தில் அது பாடம் என்று சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்.

அண்ணன் சகுந்தலாவிடம் கேட்டார். "சொல்லு. யார் இருந்தாங்க?"

அவள் என் பக்கம் பார்த்தாள். ஒரே ஒரு தடவை. அவள் பார்த்தது என் முகத்தை அல்ல, என் கையை. நான் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததை.

பிறகு அண்ணனிடம் சொன்னாள். "யாரும் இல்ல மாமா."

அண்ணன் உரக்கச் சொன்னார். "யாரும் இல்லயாம்."

அப்புறம் வழக்கப்படி என் பக்கம் திரும்பினார். "நீ இன்னா சொல்ற கன்னிமா?"

சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தை. ஆனால் அந்த நாலு வார்த்தைக்கு முன்னால் வேறு நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும்: நான் அங்கே பெருக்கப் போகிறேன். கிணற்றுப் பக்கம் நிற்கிற அத்தனை பேரும், என் வீட்டில் களை எடுத்தவர்களும், திரும்பி என்னைப் பார்ப்பார்கள். அது என் கண்ணில் தெரிந்தது. என் மகளின் வெள்ளை உடுப்பு என் கண்ணில் தெரியவில்லை.

"பெரியவங்க பாத்துச் செய்யுங்க" என்றேன்.

பார்த்துச் செய்தார்கள்

படிப்பு நின்றது. ஆவணியில் தண்டபாணிக்கும் அவளுக்கும் கல்யாணம் என்று முடிவானது. மானம் காத்த மாமன் என்று என் அண்ணனை மெச்சினார்கள்.

வீட்டுக்கு வந்தோம். நான் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தேன், பற்ற வைக்காமல். சகுந்தலா வாளியில் தண்ணீர் மொண்டு வைத்தாள், மாட்டுக்குத் தவிடு கலந்தாள். எதுவும் நடக்காதது போல உள்ளே வந்து சொன்னாள்.

"யம்மா, காலைல நீ போவணும்ல. பால் தூக்கக் கழுவி வெச்சிட்டேன்."

அவள் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

மறுநாள் மாடிக்குப் போய், என்னிடம் இருந்த கொட்டகைச் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். பொண்ணு வரவில்லையா என்று வாத்தியார் கேட்டார். கல்யாணம் என்றேன். "பரீட்ச ஒரே ஒரு நாள்தானேம்மா. எழுதிட்டுப் போவட்டுமே" என்றார். நான் படி இறங்கிவிட்டேன்.

அந்த மனிதர் விடவில்லை. புரட்டாசியில் ஒரு மத்தியானம் சைக்கிளை மிதித்துக்கொண்டு எங்கள் ஊருக்கே வந்துவிட்டார். ஏரிக்கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள், டுடோரியல் வாத்தியாராம் என்று ஓடிவந்து சொன்னார்கள். நான் செருப்பில்லாமல் ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று நினைக்கிறீர்கள்? அவரை வரவேற்கவா? ஊருக்குள் வந்து யாரிடமாவது, 'நம்ம கொட்டாய் பெருக்கற கன்னியம்மா வீடு எது' என்று கேட்டுவிடப் போகிறாரே என்று ஓடினேன்.

கரை மேலேயே மறித்தேன். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. பையிலிருந்து சகுந்தலாவின் ஹால் டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். "எப்டியாவது குடுத்துடுங்கம்மா. அந்தப் பொண்ணு இந்த தபா கண்டிப்பா பாஸ் பண்ணிடும்."

ஒரு சொம்பு தண்ணீர் வேண்டுமா என்று நான் கேட்கவில்லை. திருப்பி அனுப்பினேன். ஹால் டிக்கெட்டைக் காவாந்தண்டலத்துக்குக் கொண்டுபோகவும் இல்லை. பரீட்சை நடந்த அன்று மழை. அண்ணன் வயலில் அன்றைக்கு நடவு. சகுந்தலா அங்கே நின்றிருப்பாள்.

தண்டபாணி கெட்டவன் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். குடித்ததில்லை, கை நீட்டியதில்லை. மூன்று பிள்ளைகள். அவள் ஒரு நாளும் என் வீட்டுக்கு வந்து கண்ணைக் கசக்கியதில்லை. ஒரு தடவை எனக்குக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவள்தான் கூட இருந்தாள். காலையில் நர்ஸ் வந்து கட்டில் தலைமாட்டில் தொங்கிய அட்டையில் ஏதோ எழுதிவிட்டுப் போனாள். சகுந்தலா எழுந்து போய் அந்த அட்டையை எடுத்துப் படித்தாள். முழுக்கப் படித்தாள். மறுபடியும் மாட்டிவிட்டு வந்து எனக்குக் கஞ்சி ஊட்டினாள்.

இதுவரை சொல்லாதது

அண்ணன் போய்விட்டார். நைனாவும் நாட்டாமையும் போய்விட்டார்கள். வாத்தியார் என்ன ஆனார் என்று விசாரிக்கும் முகம் எனக்கு இல்லை. பல வருஷம் அண்ணனைத் திட்டிக்கொண்டிருந்தேன். அது சௌகரியமாக இருந்தது.

சகுந்தலா யாரிடமும் சொல்லவில்லை. புருஷனிடம் இல்லை, பிள்ளைகளிடம் இல்லை. இன்னொருத்தர் வாசலில் துடைப்பம் பிடித்தவர்கள் என் வீட்டில் யாருமில்லை என்று அவள் பிள்ளைகளிடமே நான் பெருமை அடித்தபோதும் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். ஏன் அன்றைக்கு என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று நான் அவளைக் கேட்டதில்லை. என்ன பதில் வரும் என்று தெரியாததால் இல்லை.

எங்கள் ஊரில் இந்தப் பத்திரிகை மூன்று வீட்டில் வாங்குகிறார்கள். அவர்கள் படித்து மற்றவர்களுக்குச் சொல்லட்டும். உத்திரமேரூரில் சைக்கிள் கடை மாடியில் ஒன்றரை வருஷம் பெருக்கியவள் நான். அந்தக் காகிதத்தில் இருந்தது பாடம். என் மகள் யாரையும் பார்க்கவில்லை. ஒரு தடவைகூட.

தண்டபாணி போன பிறகு சகுந்தலா என்னோடுதான் இருக்கிறாள். அவளுடைய கடைசிப் பெண் தேன்மொழிதான் வாராவாரம் எனக்குப் பிழை திருத்துகிறவள். இந்த வாரம் முழுக்க எழுதி முடிக்கிற வரைக்கும் அவளிடம் காட்டவில்லை.

இப்போது கூப்பிட்டுக் கொடுத்திருக்கிறேன். வாங்கிக்கொண்டு உட்கார்ந்து, மனசுக்குள் படிக்கப் பார்க்கிறாள்.

"இன்னா ஆயா, இந்த வாரம் இவ்ளோ நீளம்?" என்கிறாள்.

"அப்டி படிக்காத தேனு. மொதல்லேர்ந்து வாய் வுட்டுப் படி. உங்கம்மா உள்ள அரிசி களஞ்சிக்கினு கீறா. அவளுக்குக் கேக்கற மாதிரி படி."